கண்ணாடிக் கூரையிட்ட கடைவீதிகள்

 

பாரிஸ் மாநகரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஈபெல் கோபுரத்தில்தான் தொடங்குவர். நான் அந்நகரின் ‘பாசாஜ்’களைப் பற்றிச் சொல்ல விழைகிறேன். ‘வழி’ என்பதே அச்சொல்லின் பொருள். இரு தெருக்களை இணைக்கும் குறுக்குவழி, இருமருங்கிலும் கடைகள், மேலே கண்ணாடிக் கூரை.

1789ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் திருச்சபையின் நிலங்கள் பறிமுதலாகி விற்பனைக்கு வந்தன. கன்னியர் மடமொன்று இருந்த இடத்தில் 1798இல் கெய்ரோவின் பெயரால் ஒரு பாசாஜ் எழுந்தது. அந்நாளில் பாரிஸ் தெருக்களில் நடைபாதை அரிது. சேறும் குதிரைச் சாணமும் நிறைந்த தெருவில், வண்டிச் சக்கரத்துக்கு அஞ்சிச் சுவரோடு ஒட்டி நடந்தவனுக்கு, நனையாத தரை கிடைத்தது.

ஆயினும் இவை பொதுத் தெருக்கள் அல்ல, தனியார் சொத்து. இரவில் கதவு பூட்டப்படும். லண்டனில் 1819இல் ஜார்ஜ் கேவண்டிஷ் பிரபு திறந்த பர்லிங்டன் ஆர்கேடைப் பாருங்கள். வழிப்போக்கர்கள் தம் தோட்டத்துக்குள் சிப்பி ஓடுகளை எறிவதைத் தடுக்கவே அதனைக் கட்டினார் என்பர். தம் படைப்பிரிவில் பணியாற்றியோரையே காவலராக்கினார். அங்கே சீழ்க்கையடித்தல், பாடுதல், ஓடுதல், குடை விரித்தல் ஆகியவற்றுக்குத் தடை. (கூரைக்கடியில் குடை எதற்கு என்பது வேறு கேள்வி!) பெரிய மூட்டை சுமந்து வருவதற்கும் தடை. மூட்டை சுமப்பவன் யார்? உழைப்பாளிதானே!

தெருவில் நடக்கத் தடை என்றால் என்னவென்று இங்கே அமர்ந்திருக்கும் முதியோர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. லண்டன்காரன் மூட்டையை இறக்கி வைத்தால் உள்ளே போகலாம். நம் முன்னோர்மீது ஏற்றப்பட்டதோ இறக்கி வைக்கக்கூடிய மூட்டை அன்று.

பாரிசில் ஒருகாலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாசாஜ்கள் இருந்தன. 1850களில் ஓஸ்மான் என்னும் ஆட்சியர் அகன்ற சாலைகளையும் நடைபாதைகளையும் அமைக்கலானார். பேரங்காடிகளும் எழுந்தன. பாசாஜ்களின் மவுசு குறைந்தது, பல இடிக்கப்பட்டன. இன்று ஏறத்தாழ இருபதே எஞ்சியுள்ளன.

அவற்றுள் ஒன்று 1828இல் கட்டப்பட்ட பிராடி. புதுச் சாலையொன்று அதனை இரண்டாக அறுத்துக்கொண்டு சென்றது. 1970களில் புதுச்சேரியிலிருந்து சென்ற குடும்பமொன்று அங்கே உணவகம் திறந்தது. பின்னர் இந்திய, பாகிஸ்தானிய உணவகங்களும் மசாலைக் கடைகளும் பெருகின. மாணவச் செல்வங்களே, உங்களுள் எவரேனும் மேற்படிப்புக்காக அந்நகருக்குச் சென்றால், அக்கண்ணாடிக் கூரையின் கீழே ஒருமுறை நடந்து வாருங்கள்.