விதி எழுதியவர் யார்?

(சிடாம் கிரி வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஒரு தாயார் எங்களைத் தேடி ஆபீசுக்கு வந்தார். மகள் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டாள்; மேலே படிக்க ஆசைப்படுகிறாள். விண்ணப்பத் தாளைக் கொடுத்தோம். "வேண்டாங்கய்யா. எங்க அம்மா மரம் வெட்டுனாங்க, நான் வெட்டுறேன். எங்க தலையெழுத்து அப்படி" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார். எங்கள் நெஞ்சு சுட்டது.

விதி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஊழும் விதி, சட்டமும் விதி. இவ்விரண்டையும் நாம் குழப்பிக் கொண்டோம். விடியற்காலையில் மழை கொட்டினால் பால் வெட்ட முடியாது. அது இயற்கை. மழை நாளில் கூலி கிடையாது என்று வைத்திருந்தார்களே, அது மனிதர் எழுதிய விதி. மனிதர் எழுதியதை மனிதர் மாற்றலாம்.

மாற்றியும் இருக்கிறோம். கூலியில் ஒரு பங்கு கள்ளுக்கடைக்குப் போவது தோட்டத்தான் விதி என்று ஊர் எண்ணிய காலத்தில், இதே கெடாவில் ஏ. எம். சாமி அவர்களின் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தனர். 1947-இல் பிடோங்கில் போலீசாரோடு ஏற்பட்ட மோதலில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். 1954-இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் பிறந்தது. 2013-இல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி எனச் சட்டமாயிற்று. 2025-இல் அது 1,700 வெள்ளியாயிற்று. அது போதுமா என்பதை இன்னொரு கூட்டத்தில் பேசுவோம். இவற்றுள் எதையும் பிரம்மன் எழுதவில்லை என்பதே இன்றைய பேச்சு.

வள்ளுவர் 38-ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையை ஒப்புக்கொள்கிறார். 62-ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையிலோ, சோராது உழைப்பவரிடம் ஊழும் தோற்கும் என்கிறார். முன்னதை மட்டும் நமக்கு ஓதியவர்கள் பலர்.

எங்கள் குற்றத்தையும் சொல்ல வேண்டும். கிராணிகளாகிய நாங்கள் செக்ரோலில் தகப்பன் பெயருக்குக் கீழே மகன் பெயரை எழுதியபோது, "ஏனப்பா, படிக்கவில்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. தோட்டத்துப் பிள்ளை இவ்வளவுதான் என்று நாங்களும் நினைத்தோம். வீட்டில், பள்ளியில், ஆபீசில் எல்லோரும் அப்படியே நினைத்தால் பிள்ளையும் அப்படியே நம்பிவிடுகிறது. பிறகு அதற்கு விதி என்று பெயர் வைக்கிறோம்.

மறுநாள் மாலை அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போனோம். நெடுநேரம் பேசினோம். தாளை வாங்கி வைத்துக் கொண்டார். கையெழுத்து இன்னும் போடவில்லை. மறுபடியும் போவோம்.

உங்கள் லயத்திலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். அழைத்து வாருங்கள். தாளை நிரப்ப நாங்கள் இருக்கிறோம்.