கேட்ட விலையும் விற்ற விலையும்
(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



இவன் மேடை ஏறினால் இயந்திரங்களைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். பயப்படாதீங்க. ஒரு ஐந்து ரூபாய்க் காசைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

எனக்குத் திருக்கழுக்குன்றம். அப்பா அங்கே சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறார். கோயிலுக்கு வருகிறவர்கள் தரும் சில்லறையில் வித்தியாசமாக எது வந்தாலும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பார். 2016-இல் சங்கு தீர்த்தப் புஷ்கர மேளாக் கூட்டத்தில் அப்படி வந்தது ஒரு காசு. 2012-இல் வெளியான, வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய்.

இணைய ஏலத்தில் அதே காசுக்குப் பத்து லட்சம் என்று போட்டிருப்பதை யாரோ அப்பாவுக்குக் காட்டியிருக்கிறார்கள். அவரும் தன் காசைப் பதிவு செய்தார். மறுநாளே 'வாங்குபவர்' போன் செய்தார். முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு ரிசர்வ் வங்கிச் சான்றிதழ் என்று ஒரு போலிக் கடிதம். மூன்று தவணையில் 23,000 ரூபாய் போயிற்று. அதோடு அந்த போனும் அணைந்து போயிற்று.

மூன்று மாதம் அப்பா யாரிடமும் வாய் திறக்கவில்லை. பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு நான் கேட்டபோது, "உன் வீட்டுக் கடன்ல பாதியாவது அடையுமேன்னு பார்த்தேன்பா" என்றார். திட்ட வந்த வாய் அடைத்துப் போயிற்று.

அதிகம் படிக்காதவர், ஏமாந்துவிட்டார் என்று எண்ணாதீர்கள். அதே பாட்டிலில் நான் கொடுத்த காசும் ஒன்று கிடக்கிறது! 1818-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் ராமர் பட்டாபிஷேகக் காசு என்று படத்தைப் பார்த்து 4,500 ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தேன். அப்படி ஒரு காசைக் கம்பெனி அடித்ததே கிடையாது. பிற்காலத்தில் யாரோ செய்த வில்லை அது. தினமும் வெர்னியர் பிடிக்கிற கை, அளக்காமல் வாங்கியது. அப்பா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பாட்டிலில் போட்டார்.

பட்ட பிறகு கற்றது மூன்று. முதலாவது, விலை என்று யாரும் எதையும் எழுதலாம். கேட்ட விலை விலையல்ல, விற்று முடிந்த விலையே விலை. அந்த ஐந்து ரூபாய் புழக்கத்துக்காகவே வெளியிடப்பட்டது.

இரண்டாவது, பழசெல்லாம் அபூர்வம் அல்ல. 1808-இல் சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த செப்புக் காசுகளை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் அந்த நாட்டுக் கரையருகிலேயே மூழ்கியது. 1980-களில் காசுகளை ஏராளமாக வெளியே எடுத்தார்கள். இருநூறு வயது, கடலில் கிடந்த கதை எல்லாம் இருந்தும், நிறைய இருப்பதால் அவற்றைச் சாதாரண விலைக்கே வாங்கலாம்.

மூன்றாவது, வாங்குகிறவன் நம்மிடம் பணம் கேட்க மாட்டான். பழைய நாணய வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, யாருக்கும் அந்த அதிகாரம் கொடுக்கவுமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. ஏமாந்தால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். உடனே சொன்னால்தான் பணத்தை வழியில் மறிக்க வாய்ப்பு உண்டு. மூன்று மாதம் கழித்துச் சொன்ன எங்களுக்கு அது கிடைக்கவில்லை.

அப்பா ஏன் சொல்லவில்லை? பணம் போனதைவிடப் பிள்ளை என்ன சொல்வானோ என்ற பயம்தான். நண்பர்களே, ஊருக்குப் போனதும் பெற்றோரிடம் இதைப் பேசுங்கள். "இதுகூடத் தெரியலையா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

போன மாதம் அந்தக் காசை அப்பா ஒருவருக்குச் சில்லறையாகக் கொடுத்துவிட்டார். "அஞ்சு ரூபாய்க் காசு, அஞ்சு ரூபாய்க்குப் போச்சு" என்றார். என் காசு மட்டும் இன்னும் பாட்டிலில் இருக்கிறது.