எந்தப் பட்டை?



கருப்பை நோய்களுக்கான மூலிகைகள் என்றதும் நீண்ட பட்டியல் ஒன்றை எதிர்பார்த்திருப்பீர்கள். பட்டியல் கைவசம் இல்லை. பெரும்பாலும் ஒரு மரத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பெரும்பாட்டுக்கு, அதாவது மாதவிலக்கில் மிகையாகும் ரத்தப்போக்குக்கு, அசோகப் பட்டையைப் பாலில் காய்ச்சிக் கொடுப்பது நம் நாட்டு மருத்துவத்தில் பழைய வழக்கம். அந்தப் பட்டையில் செய்யும் அசோகாரிஷ்டம் இன்றும் கடைகளில் விற்கிறது. ஆனால் புட்டிக்குள் போன பட்டை எந்த மரத்துடையது? பள்ளிக்கூட மதிலோரம் ஒட்டடைக் கம்புபோல் நெட்டையாக நிற்கும் மரத்தைத்தான் நம்மில் பலர் அசோக மரம் என்கிறோம். அது நெட்டிலிங்கம், குடும்பமே வேறு. அதற்கு அலையலையான விளிம்புள்ள தனியிலை, பச்சைப் பூ. அசோகுக்குக் கூட்டிலை, கொழுந்து செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும், பூ ஆரஞ்சுக் கொத்தாக வந்து சிவக்கும். மரமாக நிற்கையில் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். காய்ந்து நறுக்கிச் சாக்கில் வந்துவிட்டால் வைத்தியருக்கே சிரமம். நெட்டிலிங்கப் பட்டை அசோகப் பட்டையாகச் சந்தைக்கு வருவது ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் புகார். ஆகவே, அசோகு பலிக்கவில்லை என்று ஒருவர் சொன்னாலும், பலித்தது என்று இன்னொருவர் சொன்னாலும், எந்தப் பட்டையைக் கொடுத்தீர்கள் என்று கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை.

உண்மையான அசோகப் பட்டையில் டானின்களும், கேட்டச்சின், எபிகேட்டச்சின் என்ற பொருள்களும் உள்ளன. இவற்றின் நெருங்கிய உறவான ஈஜிசிஜி பச்சைத் தேயிலையில் மிகுதி. பெரும்பாட்டுக்கு ஒரு காரணமான கருப்பை நார்க்கட்டியின் பருமனில் பெரும்பங்கு செல்களைச் சுற்றிப் படியும் கொலாஜன் போன்ற நார்ப்பொருள்தான். ஆய்வுக்கூடத்தில் ஈஜிசிஜி அந்தச் செல்களின் பெருக்கத்தையும் நார்ப்படிவையும் குறைத்தது.

பெண்களிடம் சோதித்த முடிவு 2013இல் வெளிவந்தது. எகிப்தில் நடந்த ஆய்வு. நாள்தோறும் 800 மில்லிகிராம் தேயிலைச் சாறு, நான்கு மாதம். மருந்து உண்டவர்களின் கட்டி சராசரியாக 32.6 விழுக்காடு சுருங்கியது. போலி மாத்திரை உண்டவர்களுக்கு 24.3 விழுக்காடு வளர்ந்தது. ரத்தப்போக்கும் குறைந்தது. நல்ல செய்தி, ஆனால் முடித்தவர்கள் 33 பேர்தான். அதை வைத்துக்கொண்டு மருந்துச் சீட்டு எழுத எனக்குத் துணிவு வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 800 மில்லிகிராமில் ஈஜிசிஜி 45 விழுக்காடு. அதாவது 360 மில்லிகிராம். ஈஜிசிஜி மட்டுமே நாளுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் நொதிகள் ஏறக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது. டப்பாவின் மேல் 800 என்று அச்சிட்டிருந்தால் எது 800 என்று பாருங்கள். மூலிகைதானே, என்ன செய்யும் என்பவர்களோடு எனக்குத் தீராத சண்டை உண்டு. ஏதாவது செய்வதால்தானே அது மருந்து!

செடியிலிருந்து கருப்பைக்கு வந்த மருந்தே இல்லையா? உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் 1962இல் உரித்த பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்தது பாக்ளிடாக்செல். 1992இல் சினைப்பைப் புற்றுக்கு அனுமதி பெற்றது. முற்றிய கருப்பை உட்சுவர்ப் புற்றுக்கும் இன்று கார்போபிளாட்டினோடு சேர்த்து அதைத்தான் ஏற்றுகிறோம். பட்டைக்காக மரங்கள் சாய்ந்ததால், ஐரோப்பிய யூ மரத்தின் இலையில் கிடைக்கும் மூலப்பொருளிலிருந்து அதைச் செய்யக் கற்றார்கள். இலை மறுபடி துளிர்க்கும். நம் அசோகோ பட்டை உரிப்பால் அருகி, அழிவுக்கு ஆளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் நிற்கிறது. அதன் இலையிலும் சிறுகிளையிலும் என்ன இருக்கிறது, பட்டைக்கு ஈடாகுமா என்று பார்ப்பது இங்கிருக்கும் முதுகலை மாணவர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க வேலை.

கஷாயம் குடிக்கும் தாய்மார்களுக்கு ஒன்று. மாதவிலக்கு நின்றபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் எந்தக் கஷாயமும் வேண்டாம். முதலில் ஸ்கேன், தேவைப்பட்டால் சதைப் பரிசோதனை. கஷாயத்தால் போக்கு நின்றுவிட்டால் புற்று இல்லை என்று பொருளாகாது.

பெரும்பாட்டுக்கு டிரானெக்சாமிக் அமிலம் என்ற மாத்திரை இருக்கிறது, விலையும் குறைவு. அசோகுக்கு ஆதரவாக வாதாடும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: மரத்தை அடையாளம் கண்டு, எபிகேட்டச்சின் அளவை நிர்ணயித்த பட்டையை அந்த மாத்திரையோடு நேருக்கு நேர் நிறுத்துங்கள். ஹீமோகுளோபினை அளந்து பாருங்கள். வென்றால் முதலில் எழுதிக்கொடுப்பவள் நானாக இருப்பேன்.