ஆஸ்பத்திரி வாசலோடு முடிவதில்லை

(மாஹிமில் நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கூலி, குடிசை, ரேஷன் அட்டை பற்றிப் பேசும் மேடையில் மனநோயைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். அதுவும் நம் பாட்டாளிக் குடும்பங்களின் பிரச்சினைதான்.

என் அண்ணன் தாராவியில் தோல் பட்டறைத் தொழிலாளி. யாரோ தன்னைக் கொல்ல வருவதாகச் சொல்லி இரவெல்லாம் விழித்திருந்தார். தர்காவுக்குப் போனோம், ஊர்க் கோயிலுக்குப் போனோம். கடைசியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று மாதத்தில் தெளிந்து வீடு திரும்பினார். கையில் மாத்திரைச் சீட்டு இருந்தது. பட்டறையில் வேலை இல்லை. மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் வந்தது. "நல்லாத்தானே இருக்கே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று கேட்டவன் வேறு யாருமல்ல, நான்தான். அவர் நிறுத்தினார். நாலே மாதத்தில் மறுபடியும் அதே ஆஸ்பத்திரி!

தூக்கம் வந்தால் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றலாம், நாமாக நிறுத்தக்கூடாது. இதைச் சொல்ல அன்று எங்களுக்கு ஓர் ஆள் இல்லை. பிரார்த்தனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரார்த்தனை செய்கிறவரும் மாத்திரையை விடாதிருக்கட்டும் என்கிறேன்.

1937-லேயே அமெரிக்காவின் சிகாகோ நகரில் டாக்டர் ஆபிரகாம் லோ, ஆஸ்பத்திரியிலிருந்து வெளிவந்தவர்களை ஒரு குழுவாகக் கூட்டினார். நோயிலிருந்து மீண்டவர்களே கூட்டம் நடத்தி ஒருவரையொருவர் தாங்கினார்கள். அவர் மறைந்த பின்னும் அந்தக் குழுக்கள் நின்றுவிடவில்லை. நம் சென்னையில், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், 1984-இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். சிகிச்சையோடு தொழிற்பயிற்சியும் வேண்டும் என்பதைச் செய்து காட்டினார்.

நாம் கைவிட்டால் என்ன நடக்கும்? 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. அவர்களுக்கும் அண்ணன் தம்பிகள் இருந்திருப்பார்களே!

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது நோயாளியின் உரிமை என்கிறது. குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக ஒருவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கக்கூடாது என்கிறது. வெளிவருபவர்கள் தங்க இல்லங்கள் அமைப்பது அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது நம் கடமை.

ஆனால் அதுவரை கைகட்டி உட்கார்ந்திருக்கலாமா? ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் சங்க அறையைத் திறந்து வைப்போம். நோயிலிருந்து மீண்டவர்கள் வரட்டும், வீட்டார் வரட்டும். தேநீர் குடித்துக்கொண்டே மனம் விட்டுப் பேசட்டும். மாத்திரை தீர்ந்தால் சயான் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஓர் ஆள் போகட்டும். இந்தியும் மராத்தியும் தெரியாத தாய்க்கு அவரே வாயாக இருக்கட்டும். பட்டறை வைத்திருக்கும் தோழர்கள் முதலில் அரை நாள் வேலையாவது கொடுங்கள். இரவில் அவசரமென்றால் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

என் அண்ணன் இன்று இட்லிக்கடையில் கல்லாவில் இருக்கிறார். முதல் ஞாயிறு முதல் நாற்காலியில் அமர அவர் சம்மதித்திருக்கிறார். இரண்டாவது நாற்காலி யாருக்கு என்பதை உங்கள் வீட்டில் கேட்டு வாருங்கள்.