பொழுதுபோக்கில் முளைத்த பகையும் நம் பொறுப்பும்

(நமது அறக்கட்டளையின் காளவாசல் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவி, ஜகாத் கணக்கு என்று பேசுவோம். இன்று பேசப் போவது பணத்தால் தீராத ஒரு சங்கடத்தைப் பற்றி. சேர்ந்து விளையாடியவர்கள், ஒரே பொழுதுபோக்கில் ஒன்றாகக் கிடந்தவர்கள், பின்னால் முகம் பார்க்காமல் போவதைப் பற்றி.

நம் பகுதியில் கேரம் ஆடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். மொட்டை மாடியில் புறா வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இதெல்லாம் கூடாது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். அபூ உமைர் என்ற சின்னப் பையன் வளர்த்த குருவி இறந்துபோனபோது, அதைப் பற்றி அவனிடம் அன்போடு விசாரித்திருக்கிறார்கள். ஒரு குழந்தையின் குருவி அவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஆனால் அந்தக் குருவியை வைத்து இரண்டு குடும்பங்கள் பிரிந்தால் என்ன செய்வது? அதற்குத்தான் இந்தப் பேச்சு.

எங்கள் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறோம். தெருவும் வேண்டாம், பெயரும் வேண்டாம். கர்ணப் புறா வளர்க்கிற இரண்டு இளைஞர்கள். சிறுவயதிலிருந்து நண்பர்கள். அஸர் தொழுகை முடிந்தால் இருவரில் ஒருவர் வீட்டு மாடியில்தான் இருப்பார்கள். ஒரு நாள் ஒருவருடைய பெட்டைப் புறா காணாமல் போனது. சில வாரம் கழித்து அதே நிறம், அதே கண் உள்ள புறா மற்றவர் கூண்டில் இருந்தது. இவர் கேட்டார். அவர் “சந்தையில் வாங்கினேன்” என்றார். டீக்கடை வாசலில், பத்துப் பேர் முன்னிலையில், “திருடன்” என்ற சொல் விழுந்தது. பதிலுக்கு வந்த சொல்லில் தாயின் பெயர் இருந்தது.

அதன் பிறகு புறாவை யாரும் நினைக்கவில்லை. கூடப் பறக்கவிட்ட மற்ற பிள்ளைகள் இரண்டு கட்சியானார்கள். இரண்டு தாய்மார்களும் நோன்புக் கஞ்சி கொடுத்து வாங்குவது நின்றது. ஒரு வீட்டு நிக்காஹ்வுக்கு இன்னொரு வீட்டுக்குப் பத்திரிகை போகவில்லை. இருபது வருடப் பழக்கம் ஒரு மாலை நேரத்தில் முடிந்தது.

செய்தி எங்களிடம் வந்தது. நாங்கள் செய்த தவறை இங்கே ஒப்புக்கொள்கிறோம். நல்லது செய்கிறோம் என்று நினைத்து, ஒரு ஜும்ஆ முடிந்ததும் இருவரையும் நிறுத்தி, நாற்பது பேர் பார்க்க, “கை கொடுங்கப்பா, முடிஞ்சு போச்சு” என்றோம். இருவரும் கை கொடுத்தார்கள். நாங்களும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனோம். அடுத்த வாரம் அவர்களில் ஒருவர் நம் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வேறு பகுதிப் பள்ளிக்கு நடந்து போகிறார் என்று தெரிந்தது. ஒரு பிள்ளையைத் தன் மஹல்லா பள்ளியிலிருந்து விரட்டியது அந்தப் புறா அல்ல. எங்கள் அவசரம்தான்.

காளவாசல் என்ற பெயருக்கே சூளை என்றுதான் பொருள். செங்கல் சுடும் சூளையில் மேலே தீ தெரியாவிட்டாலும் உள்ளே சூடு நாள்கணக்கில் நிற்கும். வேலை தெரிந்தவர் அது ஆறுமுன் கல்லில் கை வைக்கமாட்டார். நாங்கள் வைத்துவிட்டோம்.

சகோதரர்களே, பொழுதுபோக்கில் வந்த சண்டைதானே, தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். இஸ்லாத்துக்கு முந்திய அரபு நாட்டில் அப்ஸ், துப்யான் என்று இரண்டு குலங்கள் இருந்தன. நெருங்கிய உறவுக்காரக் குலங்கள். ஒரு குதிரைப் பந்தயம் வைத்தார்கள். தாஹிஸ், கப்ரா என்பவை அந்தக் குதிரைகளின் பெயர்கள். முன்னால் ஓடிய தாஹிஸை வழியில் ஒளிந்திருந்தவர்கள் மறித்து அடித்துத் தடுத்தார்கள் என்று ஒரு தரப்பு குற்றம் சாட்டியது. பந்தயப் பொருள் தகராறானது, தகராறு கொலையானது, கொலைக்குக் கொலை என்று போர் மூண்டது. நாற்பது ஆண்டுகள் நீடித்தது என்று அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பந்தயத்தைப் பார்த்த பிள்ளைகளுக்குப் பேரன் பிறக்கும் காலம் அது.

அது எப்படி முடிந்தது என்பதுதான் நமக்குப் பாடம். ஹரிம் இப்னு சினான், ஹாரிஸ் இப்னு அவ்ஃப் என்ற இரண்டு பெரியவர்கள் நடுவில் வந்தார்கள். யார் முதலில் அடித்தது என்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. இறந்தவர்களுக்கான இழப்பீட்டைத் தங்கள் சொந்தச் சொத்திலிருந்து தருவதாக ஏற்றார்கள். மூவாயிரம் ஒட்டகங்கள் என்று சொல்லப்படுகிறது. சமாதானம் முடியப்போகிற நேரத்தில் துப்யான் தரப்பில் ஒருவன் பழைய பழிக்காக ஒரு அப்ஸியைக் கொன்றுவிட்டான். எல்லாம் கெட்டது என்று நினைத்தபோது, ஹாரிஸ் நூறு ஒட்டகங்களோடு தம் மகனையும் அப்ஸ் குலத்தாரிடம் அனுப்பினார். ஒட்டகம் வேண்டுமா, பழிக்கு என் மகன் வேண்டுமா என்று கேட்டார். அவர்கள் ஒட்டகங்களை ஏற்றுச் சமாதானமானார்கள். கவிஞர் ஸுஹைர், புகழ்பெற்ற முஅல்லகாத் கவிதைகளில் ஒன்றில் இந்த இருவரையும் பாராட்டியிருக்கிறார்.

சமாதானம் செய்கிறவர் தம் கையிலிருந்து எதையாவது இழக்கத் தயாராக இருக்க வேண்டும். பணம் இல்லையென்றால் நேரம், நேரம் இல்லையென்றால் கௌரவம். நாங்கள் அந்த ஜும்ஆவில் எதையும் இழக்கவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளின் மானத்தைத்தான் செலவு செய்தோம்.

இது அந்தக் கால அரபு நாட்டுக் கதை மட்டுமல்ல. இங்கே பைபாஸ் ரோட்டைப் பிடித்துப் பழங்காநத்தம் தாண்டினால் அவனியாபுரம். பொங்கலன்று அங்கே நடக்கும் ஜல்லிக்கட்டு உலகப் புகழ் பெற்றது. மாடு வளர்ப்பவர்களுக்கும் பிடிப்பவர்களுக்கும் அது உயிர். ஆனால் அதை யார் நடத்துவது என்பதில் ஊருக்குள் கருத்து வேறுபாடு வந்து, விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. 2020-இல் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் தலைமையிலான குழுவின் மேற்பார்வையில் அது நடந்தது. யார் பக்கம் நியாயம் என்பது நம் வேலை இல்லை. ஆசையோடு செய்கிற ஒன்றில் நமக்குள் பேசி முடிக்க முடியாவிட்டால், அந்த முடிவு நம் கையை விட்டு வேறு இடத்துக்குப் போய்விடும் என்பதற்காகச் சொல்கிறோம்.

இனி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சூரா ஹுஜுராத்தில் அல்லாஹ், நம்பிக்கையாளர்கள் சகோதரர்கள் என்றும், சகோதரர்களுக்கிடையில் இணக்கம் செய்ய வேண்டும் என்றும் கட்டளையிடுகிறான். அதை அடுத்தே கேலி செய்யாதீர்கள், பட்டப்பெயர் சூட்டாதீர்கள், சந்தேகத்தைத் தவிருங்கள், துருவித் துருவி ஆராயாதீர்கள், புறம் பேசாதீர்கள் என்ற கட்டளைகள் வருகின்றன. நாம் பார்க்கிற சண்டைகளை எடுத்து வையுங்கள். இந்த ஐந்தில் ஒன்றாவது இல்லாமல் எந்தச் சண்டையும் இருக்காது. சூரா மாயிதாவில் மதுவும் சூதும் தடுக்கப்பட்டதற்கு ஒரு காரணமாக, ஷைத்தான் அவற்றைக் கொண்டு உங்களுக்குள் பகையை மூட்டுகிறான் என்று சொல்லப்படுகிறது. ஆகவே மாடியில் புறா பறக்கட்டும், பணம் கட்டிப் பறக்க வேண்டாம். பணம் வந்த நாளில் நட்பு கணக்காகிவிடும்.

தோற்பதற்கும் நமக்குப் பயிற்சி தரப்பட்டிருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் அழ்பா என்ற ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒரு கிராமத்து அரபி இளம் ஒட்டகத்தில் வந்து முந்திவிட்டார். தோழர்களுக்கு மனம் கஷ்டமானது. இவ்வுலகில் உயர்கிற எதுவும் ஒரு நாள் தாழும், அது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தில் நபியவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அந்த அரபியை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் நடத்திய குதிரைப் பந்தயத்தில் பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஒரு தூரம், பயிற்சி பெறாதவற்றுக்கு வேறு தூரம் என்று முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்ததையும் ஹதீஸ்களில் பார்க்கிறோம். விதி முதலில் தெளிவாக இருந்தால் பாதிச் சண்டை வராது.

பெரியவர்களுக்குள்ளும் மனக்கசப்பு வந்திருக்கிறது. அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவருக்கும் ஒரு முறை வாக்குவாதம் ஏற்பட்டது. அபூபக்ர் (ரலி) மன்னிப்புக் கேட்டார்கள், உமர் (ரலி) உடனே ஏற்கவில்லை. பிறகு வருந்தி, உமர் (ரலி) அவர்களே அபூபக்ர் (ரலி) வீட்டைத் தேடிப் போனார்கள். விஷயம் நபியவர்கள் முன் வந்தபோது, அபூபக்ர் (ரலி) மண்டியிட்டு, தவறு அதிகம் என் மீதுதான் என்று இரண்டு முறை சொன்னார்கள். ஒருவர் வீட்டுக்கே நடந்தார், மற்றவர் பழியைத் தம் மீது போட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் இறங்கி வந்தார்கள்.

எங்கள் பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறோம். தவறு புரிந்த பிறகு நாங்கள் இருவரையும் தனித்தனியாக, அவரவர் வீட்டில் போய்ப் பார்த்தோம். பேசவில்லை, கேட்டோம். நாற்பது வருடமாகப் புறா வளர்க்கும் ஒரு இந்து சகோதரரையும் கூட்டிப்போனோம். அந்தத் தொழில் நுணுக்கம் எங்களுக்குத் தெரியாது. அவர் புறாவைப் பார்த்துவிட்டு, “இது இங்கே ஜோடி சேர்ந்து குஞ்சும் பொரிச்சிருச்சு. இனிமே எங்கே விட்டாலும் இங்கேதான் வரும். ஒரு ஜோடிக் குஞ்சை அந்த வீட்டுக்குக் கொடுங்க” என்றார். புறா விவகாரம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ஆனால் புறாவை வைத்திருந்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: “புறா போகட்டும் மாமா. திருடன்னு சொன்னது எங்கம்மா காதுல விழுந்துருச்சு. அவங்க இன்னும் அந்தக் கடை வழியாப் போறதில்லை.”

அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. காயம் கூண்டில் இல்லை, அந்தத் தாயின் காதில் இருந்தது. மற்ற இளைஞரிடம் போய் இதைச் சொன்னோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து மஃரிபுக்குப் பிறகு தனியாக அந்த வீட்டுக்குப் போய், அந்தத் தாயிடம், “சாச்சி, நான் சொன்னது தப்பு” என்று சொல்லியிருக்கிறார். அவருடைய தாயைப் பேசியதற்கு இவரும் போய் மன்னிப்புக் கேட்டார். எங்களில் யாரும் கூட இல்லை. இருக்கவும் கூடாது.

பழைய நட்பு திரும்பியது என்று பொய் சொல்லமாட்டோம். இன்றும் ஒருவர் மாடிக்கு ஒருவர் போவதில்லை. ஆனால் சலாம் சொல்லிக்கொள்கிறார்கள். போன நோன்பில் கஞ்சிப் பாத்திரம் தெருவைக் கடந்தது. இருவரும் நம் பள்ளியில்தான் ஜும்ஆ தொழுகிறார்கள். எங்களுக்கு அது போதும்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை:

ஒன்று, இருவரையும் தனித்தனியே கேட்டுவிட்டுத்தான் சேர்த்து உட்கார வைக்க வேண்டும். கூட்டத்தில் வேண்டாம்.

இரண்டு, பொருளுக்கான வழக்கையும் சொல்லுக்கான வழக்கையும் பிரித்துப் பாருங்கள். பொருளுக்கு விவரம் தெரிந்தவர் தீர்ப்புச் சொல்லலாம். சொல்லுக்குச் சொன்னவர்தான் போக வேண்டும், யார் மனம் புண்பட்டதோ அவரிடமே போக வேண்டும்.

மூன்று, இவர் சொன்னதை அவரிடம் கொண்டுபோகும்போது நல்லதை மட்டும் கொண்டுபோங்கள். இணக்கத்துக்காக நல்லதைச் சொல்பவர் பொய்யரல்ல என்பது நபிமொழியின் கருத்து.

நான்கு, தாய்மார்களே, பிள்ளைகளின் சண்டையை அடுப்படிக்குள் விடாதீர்கள். அவர்கள் பேசாவிட்டாலும் நீங்கள் பேசுங்கள். நின்றுபோன கஞ்சிப் பாத்திரத்தை முதலில் அனுப்பும் வீடு எதுவோ அதற்கே முதல் நன்மை.

ஐந்து, மூன்று நாளுக்கு மேல் சகோதரனோடு பேசாமலிருக்க முஸ்லிமுக்கு அனுமதியில்லை, இருவரில் முதலில் சலாம் சொல்பவரே சிறந்தவர் என்பது நாம் அறிந்ததுதான். யார் மீது தவறு என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கத்தி, கட்டை என்று போன விஷயத்தை, பெண்களுக்கோ சிறுவர்களுக்கோ நேர்ந்த கொடுமையை, “சமாதானம்” என்ற பெயரில் மூடி மறைக்க மார்க்கம் சொல்லவில்லை. அதற்குச் சட்டம் இருக்கிறது. அங்கே போகிறவரைத் தடுக்க அறக்கட்டளைக்கோ ஜமாஅத்துக்கோ உரிமை இல்லை. அந்த நிலைக்குப் போகுமுன் தடுப்பதுதான் நம் வேலை. ஒரு வழக்கில் பெயர் ஏறிவிட்டால் பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் அந்தப் பிள்ளை அலைய வேண்டியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பகுதி மக்களுக்குள் வரும் பூசல்களைச் சமூக மத்தியஸ்தத்தின் மூலம் தீர்க்க, நாடாளுமன்றம் 2023-இல் இயற்றிய மத்தியஸ்தச் சட்டமும் தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறது. இரு தரப்பின் சம்மதமும் அதற்கு முதல் நிபந்தனை. கட்டாயப்படுத்திக் கைகொடுக்க வைப்பது எந்தச் சட்டத்திலும் சமாதானமாகாது.

கடைசியாக ஒன்று. இந்தக் கூட்டத்திலும் பேசாமலிருக்கும் இருவர் இருக்கலாம். யாரும் எழுந்திருக்க வேண்டாம், யாரையும் நாங்கள் சேர்த்து நிறுத்தப்போவதில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் அந்த வாசலைத் தாண்டும்போது ஒரு சலாம் மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

நம் உள்ளங்களை அல்லாஹ் இணைப்பானாக. நாம் அவசரப்பட்டுப் புண்படுத்தியவர்களின் மனதை ஆற்றுவானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.