கால்கள் போடும் கணக்கு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சிறு வயதில் தீபாவளிக்குத் துணி எடுக்க அம்மா எங்களைக் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கு அழைத்துப் போவார். ஒரு கடைவரிசையைப் பிடித்தால் கடைசி வரை நடப்பார். பிறகு சாலையைக் கடந்து மறுவரிசையில் திரும்புவார். எதிர்ப்பக்கம் ஒலிபெருக்கி எவ்வளவு கத்தினாலும் நடுவில் கடக்க மாட்டார். ஐந்தடிப் பாதையை மூட்டைகள் மறித்திருந்தால் மட்டும் உடனே கடந்துவிடுவார். அந்த வரிசையின் மிச்சக் கடைகளுக்கு எங்கள் காசு கிடையாது.

அது பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். தொடர்பியல் டிப்ளோமா வகுப்பிலும் இதைச் சொல்லித் தரவில்லை. கேமராவோடு கடைத்தெருக்களைச் சுற்றிய பிறகுதான், நடந்து வாங்குபவர்கள் பெரும்பாலும் அம்மா மாதிரிதான் என்று தெரிந்தது. நிழல் எந்தப் பக்கம், மழைக்குக் கூரை எங்கே, சாலையை எத்தனை முறை கடக்க வேண்டும்? கால்கள் இந்தக் கணக்கைத்தான் போடுகின்றன.

பிரிக்பீல்ட்ஸைப் பாருங்கள். அங்குள்ள லிட்டல் இந்தியாவை 2010 அக்டோபர் 27-இல் அன்றைய பிரதமர்கள் நஜிப்பும் மன்மோகன் சிங்கும் திறந்துவைத்தார்கள். அப்போது கேஎல் சென்ட்ரலில் இறங்கி மோனோரெயில் பிடிக்க வேண்டுமானால், வெளியே வந்து துன் சம்பந்தன் சாலைப் பக்கம் நடந்தாக வேண்டும். போகிற போக்கில் ஒரு வடை, இரண்டு முழம் பூ என்று கை நீளும். 2014-இல் நூ சென்ட்ரல் பேரங்காடி வந்தது. இரு நிலையங்களுக்கும் நடுவே குளிர்சாதன வழி கிடைத்தது. தெருவில் கால் வைக்கத் தேவையில்லை. பேரங்காடியைத் திட்டிப் பயனில்லை. வெயிலையும் மழையையும் அது கணக்கில் எடுத்தது, அவ்வளவுதான்.

நம் கடைவரிசைக்கும் அந்த அறிவு இருந்ததே! கடைகளின் முன்னே கூரையோடு தொடர் நடைபாதை வேண்டும் என்பது 1822-இல் சிங்கப்பூருக்கு ராபிள்ஸ் வகுத்த விதி. 1880-களில் கோலாலம்பூரில் செங்கல் கட்டடங்கள் எழுந்தபோது (பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் தந்ததும் செங்கல்தான்) ஐந்தடிப் பாதை இங்கும் பரவியது. சேலைத் தாங்கியும் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டு அதை இரண்டடியாக்கியது நாம்தான்.

இடுக்கில் நின்று பொருள் பார்க்கும் பெண்ணைப் பின்னால் வருபவர் உரசினால், அவர் வாங்காமலே நகர்ந்துவிடுவார் என்று அமெரிக்கர் பேக்கோ அண்டர்ஹில் 1999-இல் ஒரு நூலில் எழுதினார். இதைச் சொல்ல அமெரிக்கர் வர வேண்டுமா? நம் அக்காமார்களைக் கேட்டால் போதும்.

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. அவர்கள் கால் தடவி நடப்பதற்காக நடைபாதையில் மஞ்சள் கற்கள் பதித்திருக்கிறார்கள். ஒரு நாள் படப்பிடிப்பில் கண்டது: கைத்தடியோடு வந்த ஐயா ஒருவரின் தடி, ஒரு கடையின் துணித் தாங்கியில் முட்டியது. தடவிப் பார்த்துவிட்டு, கார்கள் ஓடும் சாலையில் இறங்கினார். கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "தங்கச்சி, அதை உள்ளே இழுத்தால் வியாபாரம் போயிடும்" என்றார்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூன்று பெண்கள் அதே தாங்கிக்கு வழிவிட்டுச் சாலையில் இறங்கினார்கள். இறங்கியதுதான் இறங்கினோம் என்று அப்படியே கடந்து, எதிர்க் கடைக்குள் போய்விட்டார்கள்.