வாசலுக்கு வேன் வருது, ஆனா…

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். ஜெயமங்கலத்துல எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து பேசுறேன். நடுவுல டிராக்டர் சத்தமோ கோயில் ரேடியோவோ கேட்டா பொறுத்துக்கோங்க. இந்த ஊர் எங்க இருக்குன்னு கேக்குறவங்களுக்கு: தேனி மாவட்டம், பெரியகுளம் தாலுகா. வராக நதிப் பக்கம், நெல்லும் வாழையும் விளையுற ஊர். வைகை அணை கிட்டத்துலதான் இருக்கு.

வீட்டுல இருந்தே வேலைன்னு ஆனதும் நானும் வீட்டுக்காரரும் சென்னையைக் காலி பண்ணிட்டு எங்கப்பா வீட்டுக்கே வந்துட்டோம். பாப்பாவுக்கு ஜூலையில மூணு வயசு முடிஞ்சுது. எல்.கே.ஜி. சேர்க்க ஜூலை 31க்குள்ள மூணு நிறைஞ்சிருக்கணும்ங்கிறதுதான் கணக்கு. அதனால மார்ச்ல ஆரம்பிச்ச பேச்சு, எங்க வீட்டுல ஜூன் வரைக்கும் ஓயல.

பார்த்தது ரெண்டே இடம். ஒண்ணு, டவுன் பக்கம் ஒரு நர்சரி பள்ளி. பேர் வேணாம். இன்னொண்ணு, வீட்டுல இருந்து நடந்தே போயிடற அங்கன்வாடி. எங்கப்பா முதல் நாளே தீர்ப்பு சொல்லிட்டார். "வேன் வாசலுக்கே வருதுல்ல தாயி, அப்புறம் என்ன யோசனை? பால்வாடியில விட்டா ஊரு என்ன பேசும்?"

சரி, அந்த வேன்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். வேன் வாசலுக்கு வர்றது ஏழே முக்காலுக்கு. வகுப்பு ஆரம்பிக்கிறது ஒன்பதரைக்கு. நடுவுல நாலஞ்சு ஊர் சுத்திப் பிள்ளைகளை ஏத்திட்டுப் போகும். ஒரு நாள் ஸ்கூட்டியில பின்னாடியே போய்ப் பார்த்தேன். டிரைவர் மட்டும்தான், பிள்ளைகளை ஏத்தி இறக்க ஒரு ஆள் இல்ல. 2012 ஜூலையில தாம்பரம் பக்கம் ஸ்கூல் பஸ்ஸோட தரையில இருந்த ஓட்டை வழியா விழுந்து ரெண்டாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு இறந்துச்சு, ஞாபகம் இருக்கா? ஐகோர்ட் தானா முன்வந்து அந்த வழக்கை எடுத்துச்சு. அந்த வருஷமே ஸ்கூல் பஸ்ஸுக்குன்னு தமிழ்நாட்டுல தனி விதிகள் வந்துச்சு. மஞ்சள் பெயிண்ட், அவசர வழி, கூட ஒரு உதவியாளர் எல்லாம் அதுல இருக்கு. விதி இருக்கு, நான் பார்த்த வேன்ல உதவியாளர் இல்ல. மூணு வயசுப் பிள்ளை தூங்கி விழுந்தா யார் பார்ப்பாங்கன்னு கேட்டேன். "பெரிய பிள்ளைங்க பார்த்துக்கும் மேடம்"னாங்க. அந்தப் பெரிய பிள்ளைங்க மூணாப்பு, நாலாப்பு.

அப்புறம் கட்டிடம். எல்.கே.ஜி. முதல் மாடியில. ஏறவும் இறங்கவும் ஒரே படி, அதுவும் குறுகல். இந்த இடத்துல நான் கொஞ்சம் நின்னு பேசணும். 2004 ஜூலை 16, கும்பகோணம். சமையல்கூடத்துக் கூரையில பத்தின தீ வகுப்பறை மேல இருந்த கீத்துக் கூரைக்குத் தாவி, 94 பிள்ளைங்க இறந்து போனாங்க. மேல் மாடி, குறுகலான படி. இதைக் கேட்டுட்டு இருக்கிற உங்கள்ல பல பேர் அன்னைக்கு எல்.கே.ஜி.யோ ஒண்ணாப்போ படிச்சிட்டு இருந்திருப்பீங்க. அதுக்கு அப்புறம் கீத்துக் கூரையெல்லாம் போச்சு, உண்மைதான். ஆனா படி? ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனா சுவர்ல இருக்கிற மிக்கி மவுஸை அப்புறம் பாருங்க. அடுப்பு எங்க எரியுது, பிள்ளைங்க எந்த மாடியில இருக்காங்க, ரெண்டாவது வழி இருக்கா, அது பூட்டாம இருக்கா, இதை முதல்ல பாருங்க. சென்னையில அப்பார்ட்மென்ட் மாடியில நடக்குற ப்ளே ஸ்கூலுக்கும் இதேதான்.

இப்ப அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்குச்சு. 1982ல எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டு வந்தப்ப பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சோறு. இன்னைக்குத் தமிழ்நாட்டுல 54 ஆயிரத்துக்கும் மேல மையம் இருக்கு. நம்ம ஆளுங்க மனசுல அது இன்னும் சோறு போடுற இடம்தான். பாடத்திட்டம் ஒண்ணு இருக்குங்கிறதே நிறையப் பேருக்குத் தெரியாது. "ஆடிப்பாடி விளையாடு பாப்பா"ன்னு பேர். கதை, பாட்டு, மண்ணு, தண்ணி, விதை பொறுக்குறது, இப்படித்தான் நாள் போகும்.

ரெண்டு காலைப்பொழுது அங்க ஓரமா உட்கார்ந்து பார்த்தேன். டீச்சரைக் கேட்டேன், உட்காருங்கன்னாங்க. நர்சரி பள்ளியில கேட் தாண்டி விடல, அதையும் சொல்லிடறேன். அங்கன்வாடியில பிள்ளைங்க பாய்ல வட்டமா உட்கார்ந்து பாடுறாங்க. ஒரு பையன் பாட்டுல சேரவே இல்ல. மூலையில டம்ளரை டம்ளருக்குள்ள போட்டுட்டே இருந்தான். டீச்சர் அவனை இழுத்து உட்கார வைக்கல. அரை மணி கழிச்சு அவனே வந்து உட்கார்ந்தான். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. உசரம், எடை பார்க்குறாங்க, சத்துமாவு இருக்கு, மதியம் கலவை சாதம், முட்டை நாள்ல முட்டை, அப்புறம் தூக்கம்.

குறையும் இருக்கு, மறைக்க மாட்டேன். ஒரு டீச்சர், ஒரு உதவியாளர். ரெண்டு வயசுப் பிள்ளையும் அஞ்சு வயசுப் பிள்ளையும் ஒரே ரூம்ல. டீச்சருக்குக் கர்ப்பிணிக் கணக்கு, எடைக் கணக்கு, போன்ல போஷன் டிராக்கர் ஆப், போலியோ சொட்டு மருந்து, சில ஊர்ல வாக்காளர் பட்டியல் வேலையும் கூட. அவங்க மீட்டிங் போற நாள்ல உதவியாளர் அக்கா ஒருத்தங்கதான். இவ்வளவு வேலையை ஒரே ஆள் தலையில கட்டிட்டு, "அங்கன்வாடியில ஒண்ணும் சொல்லிக் குடுக்குறதில்ல"ன்னு நாமளே சொல்றோம். கழிவறையில சின்னப் பிள்ளைங்க உசரத்துக்குக் குழாய் இல்ல. மக்கு வச்சுத்தான் சமாளிக்கிறாங்க.

"ஊரு என்ன பேசும்"னு அப்பா சொன்னாரே, அதுக்கு வர்றேன். இது பணக் கணக்கு மட்டும் இல்ல. எந்தத் தெருப் பிள்ளையோட உட்கார்ந்து சாப்பிடும்ங்கிற கணக்கு. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. "சுத்தமா இருக்காது", "பழக்கவழக்கம் கெட்டுரும்"னு சுத்தி வளைச்சுச் சொல்லுவாங்க. தேனி மாவட்டத்துல வளர்ந்த யாருக்கும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியும். சிட்டியில இதையே "நல்ல க்ரவுட்"னு சொல்றோம். அப்பாகிட்ட நேராவே கேட்டேன், "பிரச்சனை சுத்தமாப்பா, இல்ல பக்கத்துல யாரு உட்காருறாங்கங்கிறதா?" அவர் பதில் சொல்லல. துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு வயலுக்குப் போயிட்டார். ரெண்டு நாள் பேச்சு வார்த்தை இல்ல.

அம்மாவோட கவலை வேற: இங்கிலீஷ். நர்சரியில மூணு வயசுலயே நாலு கோடு நோட்டு, ஹோம்வொர்க். கை விரல் எலும்பே இன்னும் சரியா கெட்டிப்படாத வயசு. பின்லாந்துல முறையான பள்ளி ஆரம்பிக்கிறதே ஏழு வயசுல. தாய்மொழியில தொடங்குறதுதான் பிள்ளைக்கு நல்லதுன்னு யுனெஸ்கோ 1953லயே சொல்லிருச்சு. அவ்வளவு தூரம்கூட போக வேணாம், எங்க வீட்டு மாடியில நின்னா மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும், அதுல கொடைக்கானல் இருக்குல்ல? மரியா மாண்டிசோரி 1939ல அடையாறுக்கு வந்தவங்க, போர் காரணமா ஊர் திரும்ப முடியாம, 1942ல இருந்து 44 வரைக்கும் கொடைக்கானல்லதான் இருந்தாங்க. பிள்ளை தன் கையால தொட்டு, கொட்டி, அடுக்கித்தான் கத்துக்கும்னு சொன்ன அம்மா. இன்னைக்கு அவங்க பேரை போர்டுல போட்டுட்டு உள்ள ஏ, பி, சி, டி எழுத வைக்கிற இடம் எத்தனை! டம்ளருக்குள்ள டம்ளர் போட்டுட்டு இருந்த பையனை அவங்க பார்த்திருந்தா பக்கத்துலயே உட்கார்ந்திருப்பாங்கன்னு எனக்குத் தோணுச்சு.

விளையாட இடம் பத்தி ரெண்டு வார்த்தை. கிராமம்னா பிள்ளைங்க தாராளமா ஓடலாம்னு சிட்டி ஆளுங்க நினைக்கிறீங்க. நானும் சென்னையில இருந்தப்ப அப்படித்தான் பேசுவேன். இங்க வந்து பார்த்தா தெருவுல பைக்கு பறக்குது, வாழைத் தோப்புல மருந்து அடிக்கிறாங்க, வாய்க்கால்ல எப்ப தண்ணி வரும்னு தெரியாது, சில கிணத்துக்குச் சுத்துச்சுவர் இல்ல. ஆளு கூட இல்லாம விட முடியாது. நாங்க கண்டுபிடிச்சது சாயங்காலக் கோயில் திடல். வயசானவங்க உட்கார்ந்திருப்பாங்க, பத்துப் பிள்ளைங்க இருக்கும், வண்டி உள்ள வராது. ஞாயித்துக்கிழமை சில சமயம் வைகை அணைப் பூங்கா. அங்க ஊஞ்சல், சறுக்கு எல்லாம் இருக்கு. பாப்பாவுக்குப் பிடிச்சது என்னவோ எங்க வீட்டுப் பின்னாடி கொட்டிக் கிடக்குற மணல்தான்.

முடிவு: ஜூன்ல அங்கன்வாடி. ஒரு வருஷத்துக்கு. மூணாவது வாரம் எனக்கு காலையில கால் இருந்துச்சு. அப்பா ஒண்ணும் பேசாம எக்ஸ்.எல். வண்டியில பாப்பாவை முன்னாடி நிறுத்தி வச்சுட்டுக் கிளம்பிட்டார். இப்பவும் ஊர்க்காரங்க கேட்டா "அடுத்த வருஷம் பெரிய ஸ்கூல்ல போட்டுருவோம்"னுதான் சொல்றார். ஆனா போன வாரம் பஞ்சாயத்து ஆபீஸ்ல போய் அந்தக் கழிவறைக் குழாய்க்கு மனு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கார், எங்ககிட்டச் சொல்லாம.

அடுத்த வருஷம் நிஜமாவே எங்கன்னு இன்னும் தெரியல. 2019 ஜனவரியில 2,381 அரசு நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடியில எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினாங்க. 2022ல நிறுத்தப் போறதா பேச்சு வந்து, எதிர்ப்பு கிளம்பினதும் தொடரும்னாங்க. சிறப்பு ஆசிரியர்களுக்கு அப்ப மாசம் 5,000 ரூபாய்ச் சம்பளம். பக்கத்துல அப்படி ஒண்ணு இருந்தா அங்கயும் ஒரு காலைப்பொழுது போய் உட்கார்ந்து பார்க்கணும். கல்வி உரிமைச் சட்டத்துல 25 சதவீத இடம் பத்தி நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. நலிவடைந்த பிரிவுன்னா ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள்ள இருக்கணும், பள்ளி வீட்டுல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கணும், விண்ணப்பம் அதிகமானா குலுக்கல். எங்களுக்கு வருமானம் இடிக்குது. உங்களுக்குப் பொருந்தும்னா பிறப்புச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்று மூணையும் முன்கூட்டியே எடுத்து வச்சுக்கோங்க, கடைசி வாரத்துல இ-சேவை மையத்துல கூட்டம் தாங்காது.

உங்க ஊர்ல பிள்ளைகளை எங்க விடுறீங்க, ஏன் அங்கன்னு ஒரு நிமிஷ வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. ஊர் பேரைச் சொல்லுங்க, பள்ளி பேர் வேணாம்.